உடுவின் தள்ளாட்டமும் வெப்ப வியாழன்களும்

மாணவர்களே, சூரியனைத் தவிர்ந்த ஏனைய உடுக்களுக்கும் கோள்கள் உண்டென்பது எவ்வாறு அறியப்பட்டது என வினவினால், "சக்திமிக்க தொலைகாட்டியால் கோளைப் பார்த்து அறிந்தனர்" எனப் பலர் எழுதிவிடுகின்றனர். இவ்விடை பிழையானது. சூரியனை ஒத்த உடுவொன்றைச் சுற்றும் முதலாவது கோள் 1995இல் அறிவிக்கப்பட்டபோது எவரும் அதனைக் கண்ணால் கண்டிருக்கவில்லை. உடுவின் பேரொளியில் அருகிலுள்ள கோள் மறைந்துவிடும். அவர்கள் பார்த்தது கோளையல்ல, உடுவையே.

உங்கள் தம்பியின் இரு கைகளையும் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். அவன் பெரிய வட்டத்தில் சுற்றுவான். நீங்களும் பின்னே சாய்ந்தபடி ஒரு சிறு வட்டத்தில் சுற்றுவீர்கள். கோளும் உடுவும் இவ்வாறே தமது பொதுத் திணிவு மையத்தைச் சுற்றுகின்றன. ஆகவே உடு ஒரு முறை எம்மை நோக்கியும் மறுமுறை எம்மை விட்டு விலகியும் அசையும். அம்புலன்ஸ் வண்டி நெருங்கும்போது அதன் ஒலியின் சுருதி உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பதை அறிவீர்கள். ஒளிக்கும் இந்த டொப்ளர் விளைவு உண்டு. உடு நெருங்கும்போது அதன் திருசியத்திலுள்ள கோடுகள் நீலப் பக்கமாகவும், விலகும்போது சிவப்புப் பக்கமாகவும் மிகச் சிறிதளவு பெயரும்.

சுவிற்சர்லாந்தின் ஜெனீவாவைச் சேர்ந்த மிஷேல் மயோரும் அவரது ஆய்வு மாணவரான டிடியே கெலோவும் பிரான்சிலுள்ள ஓட்-புரோவன்ஸ் வானாய்வு நிலையத்தில் 1994இல் 142 உடுக்களை இம்முறையில் ஆராயத் தொடங்கினர். வியாழன் சூரியனை ஒரு தரம் சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டுகள் செல்லும். எனவே இத்தகைய கோளைத் தேடுவோர் பல்லாண்டுகள் பொறுத்திருக்க வேண்டுமென்பதே அன்றைய பொதுவான எண்ணம். ஆனால் 51 பெகாசி என்னும் உடுவின் வேகம் செக்கனுக்கு 50 மீற்றருக்குச் சற்று அதிகமாகக் கூடியும் குறைந்தும் மாறியது. அம்மாற்றம் 4.2 நாட்களுக்கொரு முறை திரும்பத் திரும்ப நிகழ்ந்தது!

கெலோ முதலில் தமது கருவியிலேயே ஏதோ பிழை என நினைத்தார். 1995 மார்ச்சில் அவ்வுடு சூரியனின் பக்கமாகச் சென்று அவதானிக்க முடியாத நிலையை அடைந்தது. இருவரும் அவசரப்பட்டு அறிவிக்கவில்லை. ஜூலையில் உடு மீண்டும் தோன்றும்போது அதன் வேகம் என்னவாக இருக்கவேண்டுமென முன்கூட்டியே கணித்து வைத்துக் காத்திருந்தனர். அளந்த பெறுமானம் கணிப்புடன் பொருந்தியது. இக்கண்டுபிடிப்பில் நான் மிகவும் மதிப்பது இந்தக் காத்திருப்பையே. ஒக்டோபர் 6ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் முடிவை அறிவித்தனர். சில நாட்களிலேயே அமெரிக்க வானியலாளர்களும் அதனை உறுதிசெய்தனர். 2019இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசின் அரைப்பங்கு இவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இக்கோளின் திணிவு குறைந்தது வியாழனின் ஏறக்குறைய அரைப்பங்காகும். எனினும் அது தன் உடுவிலிருந்து ஏறத்தாழ 80 இலட்சம் கிலோமீற்றர் தூரத்திலேயே சுற்றுகின்றது. புதன்கூடச் சூரியனிலிருந்து சராசரியாக 5 கோடியே 80 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் உள்ளதென்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். கோளின் வெப்பநிலை ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ் என மதிப்பிடப்படுகின்றது. இத்தகையவற்றுக்கு "வெப்ப வியாழன்கள்" என்ற பெயர் ஏற்பட்டது இதனாலேயே.

கோள் எதுவுமில்லை, உடுவே விரிந்து சுருங்குகிறது என வாதிட்டோரும் இருந்தனர். 1999இல் வேறொரு வெப்ப வியாழன் தன் உடுவின் முன்னால் கடந்து செல்கையில் உடுவின் ஒளி ஏறத்தாழ 1.5 சதவீதம் குறைந்தது அவதானிக்கப்பட்டது. ஒளி குறைந்த அளவிலிருந்து கோளின் பருமனைக் கணித்தபோது அதன் அடர்த்தி நீரினதிலும் குறைவாக இருந்தது. அது ஒரு வாயுக்கோளே என்பது தெளிவாயிற்று.

இவ்வளவு பெரிய வாயுக்கோள் உடுவின் அருகில் உருவாவது கடினம். குளிர்ந்த தொலைவில் உருவாகிப் பின்னர் உள்நோக்கி இடம்பெயர்ந்ததென்பதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். எவ்வாறு இடம்பெயர்ந்தது என்பதில் இன்றும் விவாதம் உண்டு.

இன்னுமொன்று. முதலில் அகப்பட்டவை வெப்ப வியாழன்கள் என்பதால் அவையே அதிகமென எழுதிவிடாதீர்கள். பெரிய கண்ணுள்ள வலையில் பெரிய மீன்தானே அகப்படும்? திணிவு கூடி, தூரம் குறைந்தால் தள்ளாட்டம் பெரிதாகும், விரைவில் திரும்பவும் நிகழும். அதனாலேயே அவை முதலில் புலப்பட்டன. உண்மையில் சூரியனை ஒத்த 100 உடுக்களில் ஏறத்தாழ ஒன்றுக்கே வெப்ப வியாழன் உண்டு.