பண்டத்துக்கு ஏற்ற பொதி

இந்தியா முழுவதும் 2022 ஜூலை 1 முதல் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருட்களுள், இனிப்புப் பெட்டிகளின் மேல் சுற்றப்படும் மெல்லிய தாளும் ஒன்று. தமிழ்நாட்டிலோ 14 வகைப் பொருட்களுக்கான தடை 2019 ஜனவரி 1 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆயினும் முறுக்கும் மிக்சரும் இன்றும் நெகிழிப் பைகளிலேயே விற்கப்படுவதற்கு வணிகரின் அலட்சியத்தை மட்டும் காரணமாகச் சொல்வது நேர்மையாகாது.

எண்ணெயில் பொரித்த பண்டம் ஈரக்காற்றுப் பட்டால் நமுத்துப்போகும்; ஆக்சிஜனும் ஒளியும் பட்டால் அதன் எண்ணெய் காறிப்போகும். இவற்றைத் தடுக்கவே, அலுமினியம் மிக மெல்லிய படலமாகப் படியவைக்கப்பட்ட நெகிழித் தாளையும் சூட்டில் ஒட்டும் பாலிஎத்திலீன் தாளையும் இணைத்துப் பல்லடுக்குப் பொதிகள் செய்யப்படுகின்றன. பண்டத்தை மாதக்கணக்கில் காக்கும் அந்த அடுக்குகளை எளிதில் பிரித்தெடுக்க இயலாமையால், மறுசுழற்சிக்கு உதவாமல் அவை பெரும்பாலும் குப்பைமேட்டையே சேர்கின்றன.

தென்மாவட்டங்களில் கருப்பட்டியும் சில்லுக்கருப்பட்டியும் பனையோலைப் பெட்டிகளில் விற்கப்படுவதற்கு அழகு மட்டும் காரணமன்று. பின்னலின் இடைவெளிகளில் காற்று சென்றுவருவதால், பண்டத்திலிருந்து வெளிவரும் ஈரம் உள்ளேயே தேங்கிப் பூசணத்துக்கு இடந்தருவதில்லை. அதே இடைவெளிதான் மழைக்காலத்து முறுக்குக்கு ஓலைப்பெட்டியைப் பொருந்தாததாக்குகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. நெய் கசியும் அல்வாவுக்கும் பால்கோவாவுக்கும், இயற்கையான மெழுகுப் பூச்சுடைய வாழை இலையை உள்ளே விரித்த அட்டைப்பெட்டி சில நாட்களுக்குப் போதுமானது. நெடுநாள் இருப்புக்குக் கண்ணாடிப் புட்டியும் தகர டப்பாவும் உண்டு. பழனிப் பஞ்சாமிர்தம் டப்பாவில் வருவது யாவரும் அறிந்ததே.

மாற்று என்ற பெயரில் வருவன யாவும் மாற்றல்ல. செய்தித்தாளின் அச்சுமை உணவில் கலக்கும் என்பதால், அதில் உணவைப் பொதிவதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதி விதிகள் தடுக்கின்றன. காகிதக் குவளைகள் பலவற்றின் உட்புறத்தில் பாலிஎத்திலீன் பூச்சு இருக்கிறது. மக்காச்சோளம் முதலியவற்றின் மாவுச்சத்திலிருந்து பெறப்படும் பாலிலாக்டிக் அமிலம் என்னும் 'மக்கும் நெகிழி', ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பம் நிலவும் உரத் தொழிற்கூடங்களில்தான் விரைவில் சிதையும். தெருவோரத்தில் எறிந்தால் நெடுங்காலம் அப்படியே கிடக்கும்.

ஆகவே, எந்தப் பொருளில் பொதிவது என்பதற்கு முன், பண்டம் எத்தனை நாள் இருக்கவேண்டும் என்பதே கேட்கப்படவேண்டியது. ஒரு வாரத்தில் தின்று தீரும் காராச்சேவை ஆறு மாதம் காக்கும் உறையில் இடும் வழக்கத்தைக் கடைக்காரர்கள் கைவிடவேண்டும். வாங்குவோர் எவர்சில்வர் டப்பாவோடு வந்தால், முகம் சுளிக்காமல் அதிலேயே நிறுத்துக் கொடுக்கவும் வேண்டும்.