பழைய காரின் ரேடியேட்டர்: ஒழுக்கைக் கண்டறிவதும் சரிசெய்வதும்

தோட்டப்புறத்தில் வாழும் குடும்பத்திற்குச் சொந்தக் கார் ஓர் ஆடம்பரப் பொருள் அன்று. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு விடுவதற்கும், நோயுற்றவரை நள்ளிரவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும், பட்டணத்திலிருந்து சாமான் வாங்கி வருவதற்கும் அது பெரிதும் உதவுகிறது. 1985ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டோன் சாகா, 1994ஆம் ஆண்டில் வெளிவந்த பெரோடுவா கான்சில் ஆகியவற்றின் பழைய வண்டிகள் இன்றும் நம்மிடையே ஓடுகின்றன. இத்தகைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் குறைகளுள் ஒன்று, ரேடியேட்டரில் நீர் குறைவதாகும்.

நாள்தோறும் காலையில் ஒரு புட்டி தண்ணீரை ஊற்றிவிட்டுப் புறப்படுவோர் பலர். குறைந்த நீர் எங்கே போயிற்று என்பதை அறியாமல் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தால், சில வெள்ளியில் முடிய வேண்டிய பழுது பல நூறு வெள்ளிச் செலவாக வளர்ந்துவிடும். ஆகவே, முதலில் ஒழுக்கைக் கண்டறிய வேண்டும். பிறகே நீரை நிரப்ப வேண்டும்.

ரேடியேட்டர் வேலை செய்யும் முறை

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதியே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. எஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதியை இயந்திரத்தினுள் சுற்றிவரும் நீர் ஏற்றுக்கொள்கிறது. தண்ணீர்ப் பம்பு அந்நீரை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்குள்ள மெல்லிய குழாய்களின் வழியே நீர் செல்லும்போது, வெளிக்காற்றும் விசிறியும் அதனைக் குளிரச் செய்கின்றன.

ரேடியேட்டரின் மூடி தூசியைத் தடுப்பதற்கு மட்டும் அமைந்ததன்று. அதிலுள்ள சுருள்வில், உள்ளே அழுத்தத்தை நிலைநிறுத்துகிறது. பல மூடிகளின் மேல் 0.9 அல்லது 1.1 என்னும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது அந்த மூடி தாங்கும் அழுத்தத்தின் அளவாகும். இவ்வழுத்தத்தினால் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்காமல், ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. சூடான நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் திடீரென நீங்கும். அதுவரை கொதிக்காமல் இருந்த நீர் கணப்பொழுதில் கொதித்து, நீராவியுடன் முகத்திலும் கைகளிலும் பாயும். எனவே, சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது.

வழியில் சூடேறினால்

வெப்பமானியின் முள் மேலே ஏறினால், குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு வண்டியைப் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிடுங்கள். நீராவி அடங்கிய பிறகே முன்மூடியைத் திறக்க வேண்டும். ரேடியேட்டர் நன்கு ஆறுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கொதிக்கும் இயந்திரத்தின் மேல் குளிர்ந்த நீரை வாரி ஊற்றுவதும் தவறு. இரும்பும் அலுமினியமும் திடீரெனச் சுருங்கி வெடிப்பு உண்டாகக்கூடும்.

மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். நீர் மிகவும் குறைந்து, வெப்பத்தை அளக்கும் கருவி நீரைத் தொடாத நிலை ஏற்பட்டால், முள் கீழே இறங்கிவிடலாம். அதனைக் கண்டு இயந்திரம் குளிர்ந்துவிட்டதென நம்பி வண்டியை ஓட்டினால், இயந்திரமே பாழாகும்.

சுடுநீர் பட்டுவிட்டால், அவ்விடத்தில் 20 நிமிடம் குழாய்நீரை ஓடவிட வேண்டும். பற்பசை, சோயா சாறு முதலியவற்றைத் தடவக் கூடாது. முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒழுக்கைக் கண்டறிதல்

இரவில் வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதன்மேல் காணப்படும் ஈரம், ஒழுகும் இடத்தை ஏறத்தாழக் காட்டிவிடும். பிறகு, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே கீழ்க்கண்ட இடங்களை வரிசையாகச் சோதியுங்கள்.

முதலாவது, மேலும் கீழும் உள்ள ரப்பர் குழாய்களும் அவற்றின் கிளிப்புகளும். குழாயை அழுத்திப் பார்த்தால் வெடிப்பு இருப்பது தெரியும். நாம் சீவும் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர் இத்தகைய வெப்பத்தை நெடுங்காலம் தாங்காது. ஆகவே, இக்காலத்தில் இக்குழாய்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரால் செய்யப்படுகின்றன. அது வெப்பத்தைத் தாங்கும். எண்ணெய் பட்டால் ஊறிக் கெட்டுவிடும். எனவே, குழாயில் எண்ணெய் படிந்திருந்தால் துடைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, ரேடியேட்டரின் உடற்பகுதி. பச்சை அல்லது துருநிறக் கறை படிந்த இடத்தில் ஒழுக்கு இருக்கும். மூன்றாவது, தண்ணீர்ப் பம்பின் அடியில் உள்ள சிறு துளை. அதன் வழியே நீர் சொட்டினால் பம்பின் அடைப்பான் தேய்ந்துவிட்டதென்று பொருள். பம்பை மாற்ற வேண்டும். நான்காவது, மூடியின் ரப்பர் வளையம். அது வெடித்திருந்தால், அதே எண் பொறித்த புதிய மூடியை வாங்கிப் பொருத்துங்கள்.

வெளியே எங்கும் ஒழுக்கு இல்லாமலேயே நீர் குறைகிறதா? எண்ணெய் மூடியின் அடியில் பால் போன்ற நுரை படிந்திருந்தாலோ, புகைபோக்கியில் வெண்புகை தொடர்ந்து வந்தாலோ, ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். அப்படியானால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பதே நலம்.

பழுது பார்த்தல்

கிளிப்பை இறுக்குவதும், குழாயை மாற்றுவதும் வீட்டிலேயே செய்யக்கூடியவை. வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். மின்விசிறி பொருத்திய வண்டிகளில், இயந்திரம் அணைந்திருந்தாலும் விசிறி திடீரெனச் சுழன்று விரல்களைக் காயப்படுத்தலாம்.

ரேடியேட்டரில் துளை விழுந்திருந்தால், அது எந்த உலோகத்தால் ஆனது என்பதைப் பாருங்கள். செம்பும் பித்தளையும் கலந்த பழைய ரேடியேட்டரைப் பட்டறையில் கழற்றி, சுத்தம் செய்து, ஈயப்பற்று வைத்து அடைக்கலாம். பின்னர் அதன் வாய்களை அடைத்து, நீரில் அமிழ்த்தி, காற்றைச் செலுத்திச் சோதிப்பார்கள். குமிழிகள் வரவில்லையெனில் பழுது நீங்கிற்று. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ரேடியேட்டருக்கு ஈயப்பற்று பயன்படாது. பிளாஸ்டிக் பகுதி வெடித்திருந்தால் புதியதை மாற்றுவதே சிக்கனம்.

முட்டையின் வெள்ளைக்கரு, மிளகுத்தூள் முதலியவற்றை ஊற்றி ஒழுக்கை அடைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவை துளையை மட்டுமன்றி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். வழியில் ரப்பர் குழாய் வெடித்தால், இயந்திரம் ஆறிய பின்னர், பழைய டயர் டியூபை நாடாவாக வெட்டி இறுகச் சுற்றிக் கட்டி, நீர் ஊற்றி, மெதுவாகப் பட்டறை வரை ஓட்டிச் செல்லலாம். இது தற்காலிக வழியே ஆகும்.

கூலண்ட் நிரப்புதல்

நம் நாட்டில் நீர் உறைவதில்லை. பிறகு கூலண்ட் எதற்கு என்று கேட்கலாம். கூலண்ட் நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. இயந்திரத்தின் உட்புறம் துருப்பிடிக்காமல் காக்கிறது. கிணற்று நீரிலும் ஆற்று நீரிலும் உள்ள உப்புகள் குழாய்களில் படிந்துவிடும். ஆகவே, கூலண்டுடன் காய்ச்சி வடித்த நீரைச் சம அளவில் கலந்து ஊற்றுவது நன்று. கலந்தே விற்கப்படும் கூலண்டுக்கு நீர் சேர்க்க வேண்டியதில்லை. சிறிய கார்களுக்கு ஏறத்தாழ 3 முதல் 6 லிட்டர் வரை தேவைப்படும்.

குளிர்ந்த ரேடியேட்டரில் கலவையை மெதுவாக ஊற்றி, மேல்குழாயை அவ்வப்போது அழுத்திவிட்டால் உள்ளே தங்கிய காற்று வெளியேறும். பிறகு பேட்டரிக் கம்பியைப் பொருத்தி, மூடியின்றியே இயந்திரத்தை இயக்குங்கள்; முகத்தை வாயருகே கொண்டு செல்லாதீர்கள். மேல்குழாய் சூடேறும்போது தெர்மோஸ்டாட் திறந்து, நீர்மட்டம் இறங்கும். குறைந்ததை நிரப்பி, மூடியை இறுக்கி, துணைத்தொட்டியில் இரு கோடுகளுக்கிடையே கலவையை ஊற்றுங்கள். மறுநாள் காலையில் மீண்டும் மட்டத்தைப் பாருங்கள்.

கூலண்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் அடங்கியிருக்கிறது. அதன் சுவை இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய்களும் அருந்திவிடக்கூடும். சிறிதளவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனைக் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்கக் கூடாது. வடித்தெடுத்த பழைய கூலண்டைக் கால்வாயில் கொட்டாமல், கழிவுகளைச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

பால்வெட்டுக்குப் புறப்படுமுன் கத்தியின் கூரைப் பார்த்துக்கொள்வது நம் வழக்கம். அதுபோலவே, வாரம் ஒருமுறை, இயந்திரம் குளிர்ந்திருக்கும் அதிகாலையில் துணைத்தொட்டியின் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் புட்டியைத் தேடுவதற்கு முன் ஒழுக்கைத் தேடுங்கள். அவசர வேளையில் நோயாளியை ஏற்றிக்கொண்டு செல்லும் வண்டி பாதி வழியில் நின்றுவிடாமல் இருப்பது, அந்தச் சில நிமிடக் கவனத்தைப் பொறுத்ததே ஆகும்.