சலான் வந்தா பயப்படாதீங்க, படிச்சுப் பாருங்க



இப்பல்லாம் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு எல்லாம் எழுதி முடிச்சதும், "இந்த மெசேஜ் என்னன்னு பாருங்க அக்கா" என்று செல்போனை நீட்டும் உறுப்பினர்கள் அதிகமாகிட்டாங்க. பார்த்தால் போக்குவரத்து அபராதம். ஹெல்மெட் போடல, சிக்னலைத் தாண்டிட்டீங்க, வேகமா போனீங்க என்று ஏதாவது ஒன்று இருக்கும். வழியில் எந்தப் போலீஸ்காரரும் நிறுத்தவில்லை. கம்பத்தில் இருக்கிற கேமரா படம் எடுத்திருக்கும். இது நியாயமா, தப்பா வந்தா என்ன செய்யலாம் என்று பலரும் கேட்பதால் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

கேமரா எப்படி அபராதம் போடுது?

ரோட்டில் போகிற வண்டியின் நம்பர் பிளேட்டைக் கேமரா படித்துவிடும். அந்த நம்பர் யார் பேரில் பதிவாகி இருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும். அவர் பேரில் இ-சலான் தயாராகி, ஆர்.சி. புத்தகத்தோடு இணைத்த செல்போனுக்கு மெசேஜ் போகும். சென்னையில் இந்த வகைக் கேமராக்கள் 2019-ல் அண்ணா நகர்ச் சந்திப்புகளில் வைக்கப்பட்டன. பிறகு மற்ற இடங்களுக்கும் வந்தன.

நம்ம தாம்பரம் பகுதிக்கு 2022 ஜனவரி 1 முதல் தனிப் போலீஸ் கமிஷனர் அலுவலகம் இருக்கிறது. சேலையூரிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறவங்க ஒரே பயணத்தில் இரண்டு கமிஷனர் எல்லையைத் தாண்டுகிறார்கள். அதனால் சலான் வந்ததும் அது தாம்பரம் போலீஸ் போட்டதா, சென்னைப் போலீஸ் போட்டதா என்று முதலில் பாருங்கள். எங்கே போய்க் கேட்கணும் என்பது அதை வைத்துத்தான் தெரியும்.

ஓட்டினது ஒருத்தர், சலான் இன்னொருத்தருக்கு

இங்கேதான் நம்மைப் போன்ற பெண்கள் கவனமா இருக்கணும். வண்டியை ஓட்டினது யார் என்பது கேமராவுக்குத் தெரியாது. அது நம்பரைத்தான் படிக்கும். வண்டி யார் பேரில் இருக்கோ அவங்கதான் பதில் சொல்லணும்.

இன்று நிறைய வீடுகளில் வண்டி பெண்கள் பேரில் இருக்கு. 2018-ல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு 25,000 ரூபாய் வரை மானியம் கிடைத்தது. குழுக் கடனில் வண்டி எடுத்தவங்களும் உண்டு. ஆனால் அந்த வண்டியை வீட்டுக்காரரும், தம்பியும், மகனும் ஓட்டுறாங்க. அவங்க ஹெல்மெட் போடாமல் போனாலும் மெசேஜ் நமக்குத்தான் வரும். கட்டாமல் விட்டால் நிலுவையும் நம் பேரில்தான் நிற்கும்.

இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கு. 18 வயது ஆகாத பிள்ளை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். "பக்கத்துக் கடை வரைக்கும்தானே" என்று சாவியைக் கொடுக்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

வண்டியை விற்றவங்களுக்கும் இதே கதைதான். பணத்தை வாங்கிவிட்டு, பேர் மாற்றாமல் விட்டால், வாங்கினவர் செய்கிற தப்புக்கெல்லாம் பழைய உரிமையாளருக்குத்தான் சலான் வரும். விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும் என்பது சட்டம்.

கேமரா வேண்டாம் என்று சொல்லலாமா?

அப்படிச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டில் மட்டும் சாலை விபத்தில் 17,884 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் விபத்தில் இறந்தவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவங்க. இப்படிப் போகிற உயிரைக் காப்பாற்றணும் என்று கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான், கேமரா கண்காணிப்புச் சட்டத்தை மாநிலங்கள் நடைமுறைப்படுத்தணும் என்று 2024 செப்டம்பரில் கோர்ட் சொன்னது.

பெண்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. இருட்டின நேரத்தில் ரோட்டோரம் தனியா நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை. கேமரா கையில் காசு கேட்காது. ஆள் பார்த்து விடாது. அமைச்சர் வண்டியும் ஆயா வண்டியும் அதுக்கு ஒன்றுதான்.

ஆனால் கேமராவுக்குக் காது கிடையாது. "குழந்தைக்கு வலிப்பு, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்" என்றால் அதுக்குக் கேட்காது. தப்பும் செய்யும். நெதர்லாந்து நாட்டில் 2023-ல் ஒருவர் தலையைச் சொறிந்தபோது, போன் பேசினார் என்று கேமரா படம் எடுத்து 380 யூரோ அபராதம் போட்டார்கள். அமெரிக்காவின் சிகாகோ நகரில் மஞ்சள் விளக்கு 3 விநாடிக்கும் கொஞ்சம் குறைவாக எரிந்த சிக்னல்களில் சுமார் 77,000 பேருக்கு அபராதம் போட்டது 2014-ல் தெரிய வந்தது. நம்ம ஊரிலும் நம்பர் பிளேட்டில் 3-ஐ 8 என்று படித்தால் போதும், யாரோ செய்ததுக்கு நாம் கட்டணும். அதனால்தான் கேமராவைச் சரிபார்க்கச் சட்டமே சில நிபந்தனைகளை வைத்திருக்கிறது.

சலானில் என்ன பார்க்கணும்?

2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. அதன்படி,

• கேமராவுக்கு அரசு அங்கீகாரச் சான்றிதழ் இருக்கணும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கணும்.

• கேமரா கண்காணிக்கும் இடம் என்று எச்சரிக்கைப் பலகை தெரியும்படி வைக்கணும்.

• தப்பு நடந்ததும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம் சலானோடு இருக்கணும்.

• தேதி, நேரம், இடம், எந்தச் சட்டப் பிரிவு என்பது எழுதியிருக்கணும். வேகத்துக்கு அபராதம் என்றால் எவ்வளவு வேகம் என்று கருவி காட்டிய அளவும் இருக்கணும்.

மெசேஜ் வந்ததும் பணத்தைக் கட்டிவிடாதீங்க. இ-சலான் இணையதளத்தில் வண்டி நம்பரையும், எஞ்சின் அல்லது சேசிஸ் நம்பரின் கடைசி 5 எழுத்தையும் போட்டால் சலான் வரும். படத்தைப் பெரிசாக்கிப் பாருங்க. அது உங்க வண்டிதானா? நிறம் சரியா? அந்த நேரத்தில் வண்டி அங்கேதான் இருந்ததா? படிக்கத் தெரிந்த மகளோ, குழுவின் ஊக்குநரோ கூட உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. சலான் என்ற பேரில் வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலைத் திறக்கவே கூடாது. திறந்தால் பேங்க் கணக்கையே சுரண்டும் கும்பல் இருக்கு. அரசு இணையதளத்தின் முகவரி "டாட் கவ் டாட் இன்" என்றுதான் முடியும்.

தப்பான சலான் என்றால்?

முதல் வழி, அதே இணையதளத்தில் புகார் பதிவு செய்வது. சலான் போட்ட போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்தில் எழுத்தில் மனுவும் கொடுக்கலாம். ஆர்.சி. நகல், வண்டியின் போட்டோ இரண்டையும் இணையுங்கள். வண்டி திருடு போயிருந்தால் ஸ்டேஷனில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதையும் இணையுங்கள். மனு கொடுத்ததுக்கு ரசீது வாங்காமல் வராதீங்க.

இரண்டாவது வழி, கோர்ட். சலான் மெய்நிகர் கோர்ட்டுக்குப் போயிருந்தால், இணையத்திலேயே அபராதம் கட்டுகிறீர்களா, வழக்கை எதிர்க்கிறீர்களா என்று கேட்கும். கட்டினால் தப்பை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். எதிர்க்கிறேன் என்றால் வழக்கு சாதாரண மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வரும். அங்கே நம் நியாயத்தைச் சொல்லலாம். கேமராவுக்கு இல்லாத காது அங்கே இருக்கு.

"வக்கீலுக்குக் கொடுக்கக் காசு ஏது?" என்று கேட்பீங்க. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவின்படி, பெண் என்றாலே இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. வருமானச் சான்றிதழ் தேவையில்லை. செங்கல்பட்டில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

கட்டவோ எதிர்க்கவோ எத்தனை நாள் கெடு என்பதை அரசு அவ்வப்போது திருத்துகிறது. அதனால் உங்க சலானில் போட்டிருக்கிற தேதியைத்தான் பார்க்கணும். பயந்து போய் மெசேஜை அழித்துவிட்டால் பிரச்னை அழியாது. பேர் மாற்றப் போகும்போது அது வந்து குறுக்கே நிற்கும்.

எல்லோருக்கும் ஒரே அபராதம் சரியா?

2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதம் உயர்ந்தது. ஹெல்மெட் இல்லை என்றால் முன்பு 100 ரூபாய், இப்போது 1,000 ரூபாய். மாதம் 200 ரூபாய் சேமிக்கிற நம் உறுப்பினருக்கு அது 5 மாதச் சேமிப்பு. காரில் போகிறவருக்கு அது ஒரு வேளை ஓட்டல் பில். பின்லாந்து நாட்டில் வருமானத்தைப் பார்த்து அபராதம் போடுகிறார்கள். அங்கே 2023-ல் வேகமாகக் கார் ஓட்டிய ஒரு பணக்காரர் 1,21,000 யூரோ கட்டினார். நம்ம சட்டத்தில் அந்த வழி இல்லை.

கேரளாவில் 2023 ஜூனில் கேமரா அபராதம் தொடங்கியபோது, அப்பா அம்மா நடுவில் பிள்ளையை உட்கார வைத்துப் போகிற குடும்பங்கள் குரல் கொடுத்தன. 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை மூன்றாவது ஆளாக இருந்தால் அபராதத்தை நிறுத்தி வைப்பதாகக் கேரள அரசு அறிவித்தது. மத்திய அரசிடம் விலக்கும் கேட்டது. கேட்டதால்தான் அந்தப் பேச்சே எழுந்தது. நம்ம ஊரில் அந்த விலக்கு கிடையாது என்பதையும் நினைவில் வைங்க.

சட்டம் நம்மை மட்டும் கட்டுப்படுத்தவில்லை. சட்டத்தை அமல்படுத்துகிற அதிகாரியே விதியை மீறினால் 210பி பிரிவின்படி அவருக்கு இரண்டு மடங்கு அபராதம். தரமில்லாத ரோடு போட்டு அதனால் உயிர் போனால், 198ஏ பிரிவின்படி காண்ட்ராக்டருக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். முடிச்சூர் ரோட்டிலும் வேளச்சேரி ரோட்டிலும் மழைக்காலத்தில் பள்ளத்தைத் தேடித் தேடி ஓட்டுகிற நமக்கு, இந்தப் பிரிவைக் கேட்கவும் உரிமை உண்டு.

அடுத்த கூட்டத்தில் செய்யுங்கள்

1. யார் யார் பேரில் வண்டி இருக்கு, ஓட்டுறது யார் என்று பட்டியல் எடுங்கள். ஆர்.சி.யில் உங்க செல் நம்பர் இருக்கா என்று பாருங்கள்.

2. விற்ற வண்டிக்குப் பேர் மாற்றியாச்சா என்று கேளுங்கள்.

3. உங்க தெருவழியா போகிற ரோட்டில் கேமரா இருந்து எச்சரிக்கைப் பலகை இல்லையென்றால், மறைந்து போயிருந்தால், கூட்டமைப்பு மூலமாகப் போக்குவரத்துப் போலீசுக்கு மனு கொடுங்கள். ரோட்டுப் பள்ளத்துக்கும் தனியாக மனு எழுதி மாநகராட்சியில் கொடுங்கள். இரண்டையும் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள்.

4. பின்னால் உட்கார்ந்து போகிறவங்களும் ஹெல்மெட் போடுங்க. வண்டியைக் கேட்கிறவங்க கையில் சாவியோடு ஹெல்மெட்டையும் கொடுங்கள். "என் பேரில் சலான் வந்தால் நீதான் கட்டணும்" என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைங்க.

தப்பு நம்முடையது என்றால் கட்டுவோம். தப்பு கேமராவுடையது என்றால் எழுதிக் கேட்போம். வங்கியில் கடன் கேட்டு எழுதப் பழகின நமக்கு இந்த மனு ஒன்றும் கஷ்டமில்லை.