கடைக்கொப்பியும் பரமண்டல ஜெபமும்

மாத்தளை ரத்தோட்டைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து மக்களை நம்பி நடக்கிற சின்னக் கடை எங்களுடையது. அப்பா போன பிறகு அம்மாதான் பார்த்துக்கொண்டார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு இருக்கும்: அட்டை கிழிந்த வேதப்புத்தகம், பாக்கி எழுதும் கடைக்கொப்பி. கதவு திறக்கும் முன் அம்மா பரமண்டல ஜெபம் சொல்வார். பிறகு கொப்பியை எடுப்பார். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் உண்டென்று எனக்கு உறைக்க 2022 வரவேண்டியிருந்தது.

மத்தேயுவிலும் லூக்காவிலும் இருக்கும் அந்த ஜெபத்தை ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம். சிறியது என்பதாலேயே வாய் முந்திக்கொள்கிறது, மனம் பின்னால் நின்றுவிடுகிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், உள்ளூர்க்காரரின் உதவியோடு தமிழாக்கி, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் செய்வித்த ஜெபங்களில் இதுவும் ஒன்று. ஆக, தமிழர் வாயில் இது பழகி நானூற்றெண்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன. பழகிய அளவுக்கு நாம் அதைக் கேட்டிருக்கிறோமா என்பதுதான் என் கவலை.

முதல் சொல்லிலிருந்தே பாருங்கள். இந்த ஜெபத்தில் 'என்' கிடையாது, 'எனக்கு' கிடையாது. எல்லாமே எங்கள், எங்களுக்கு. லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ். ஒரு வீட்டு அடுப்புப் புகை அடுத்த வீட்டுக் கண்ணைக் கரிக்கும். பக்கத்துக் காம்பராவில் மாரியம்மனுக்கு விளக்கு வைத்திருப்பார்கள். மலைக்குக் கீழே சிங்களக் கிராமம். கலேவலைப் பக்கத்து வஹக்கோட்டை அந்தோனியாரிடம் போனால் எந்த மதத்தாரும் மெழுகுதிரி ஏற்றுவார்கள். அந்த 'எங்கள்' எங்கே முடிகிறது? கோயில் மதிலோடு அதை முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது ஆகாரம். இன்றைக்கு வேண்டியதை இன்றைக்குக் கேட்கச் சொல்கிறது ஜெபம். மாதச் சம்பளக்காரருக்கு இது அழகான வார்த்தை. பேருக்கு வேலை செய்கிறவருக்கு இது கணக்கு. எங்கள் பக்கம் ஒரு நாள் சம்பளத்தைப் 'பேர்' என்பார்கள். சொன்ன கிலோ கொழுந்து நிறையவில்லையென்றால் அரைப்பேர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்றவருக்கு மாலைத் தராசில்தான் தெரியும், இன்றைய ஆகாரம் முழுதா, பாதியா என்று. மூலத்தில் அப்பம் என்றிருப்பதைத் தமிழில் ஆகாரம் என்று விரித்தார்கள். தோட்டத்தில் அது மறுபடி சுருங்கி ரொட்டியாகிவிடுகிறது: கோதுமை மா ரொட்டி, கொஞ்சம் சம்பல், வெறுந்தேத்தண்ணீர்.

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் ஏறக்குறைய 95 சதவீதத்தைத் தொட்டது. அப்போது சட்டப்படி நாள் சம்பளம் 1000 ரூபா. முந்திய ஆண்டுதான் அது கிடைத்திருந்தது. மா விலை ஏற ஏற எங்கள் கடைக்கொப்பியில் பக்கங்கள் நிறைந்தன.

அந்தப் பக்கங்கள்தான் என்னை ஜெபத்தின் அடுத்த வார்த்தைக்குக் கொண்டுபோயின: கடன். கத்தோலிக்கர் சொல்லும் வடிவில் அந்த இடத்தில் குற்றம் என்று வரும். எங்கள் சபையில் கடன் என்றே சொல்வோம். மத்தேயுவின் கிரேக்கச் சொல்லும் கடன்தான். இயேசு பேசிய அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். பிரசங்கங்களில் நாம் பெரும்பாலும் பாவத்தை எடுத்துக்கொண்டு கடனை விட்டுவிடுகிறோம். மாத்தளையில் அப்படி விடலாகாது.

ஏனென்றால் இந்த மண்ணுக்கு நம் முன்னோர் கடனோடுதான் வந்தார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் அநேகர். வந்து சேர்ந்தவர்கள் தலையில், வழிச்செலவுக்கும் சாப்பாட்டுக்கும் ஆள் சேர்த்த பெரிய கங்காணி கொடுத்த முன்பணம். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்து இந்த ஜெபத்தைக் கற்பித்தது அத்தகைய மக்களுக்குத்தான்.

பிறகு 'துண்டு' வந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. புதுத் தோட்டம் அதைக் கட்டும். கட்டியது மறுபடி தொழிலாளி பேரில் ஏறும். தன் பேரில் எவ்வளவு இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் குரல் கொடுத்து, 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. கடன் ஒழியவில்லை. நகை அடகு, சீட்டு, வாரந்தோறும் வாசலுக்கு வரும் நுண்கடன் வசூல் என்று வேறு வேறு பேரில் வந்துகொண்டேயிருக்கிறது.

தமிழில் ஒரு விசித்திரம் உண்டு. கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன். இதைச் சொல்வளக் குறை என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. துண்டின் கணக்கில் தொழிலாளி என்றும் வாங்கியவன். ஆனால் காட்டைத் தோட்டமாக்கியது யார்? அரசுக்குச் சொந்தமான தோட்டங்களில் தொழிலாளருக்குச் சேரவேண்டிய ஊழியர் சேமலாப நிதி நிலுவையில் கிடப்பதைப் பாராளுமன்றத்திலேயே பேசினார்கள். அப்படியென்றால் இன்று யார் எந்தக் கடன்காரர்? பிறர் கடனை மன்னிக்கச் சொல்லும் ஜெபத்தின் அந்த வரியை ஏழைகளுக்கே உபதேசிப்பதை நான் எதிர்க்கிறேன். அதை உரக்கச் சொல்லவேண்டியவர்கள் கொப்பி வைத்திருப்பவர்கள்.

நாங்களும் கொப்பி வைத்திருந்தவர்கள்தான்.

2022 நவம்பரில் ஒரு இரவு, கடை மூடிய பிறகு அம்மா கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் கோடு இழுத்தார். எல்லோருக்கும் அல்ல. கட்ட முடிந்தவர்களை அப்படியே விட்டார். ஒரு கணக்கப்பிள்ளையின் பெரிய பாக்கியைத் தொடவேயில்லை. அரைப்பேரில் ஓடிய வீடுகள், ஆள் படுத்த வீடுகள், இவற்றின் கணக்குகளை மட்டும் ஒவ்வொன்றாக அடித்தார். எங்கள் சபையில் அன்றாடம் சொல்லும் வார்த்தைக்கு முதன்முறையாக மையின் நிறத்தைப் பார்த்தேன்.

ஆனால் அடித்ததோடு ஒன்றும் நடக்கவில்லை. கோடு எங்கள் கொப்பியில்தானே இருந்தது? பாக்கிக்காரர்கள் கடை வாசலைத் தவிர்த்து, மிளகுக்கொடிகளுக்கு நடுவே போகும் மேட்டுப்பாதையில் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா, முதுகில் கொழுந்துக்கூடையோடு, மழையிலும் அந்த வழுக்குப் பாதையில் போவதை அம்மா பார்த்தார்.

"தம்பி, நாம மன்னிச்சது அவங்களுக்குத் தெரியாதேப்பா. போய்ச் சொல்லிட்டு வா. கடையில வச்சுச் சொல்லாத, வீட்டுல போய்ச் சொல்லு."

அன்று மாலை ஆறு வீடுகளுக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "கொப்பியில ஒண்ணுமில்ல, அம்மா சொல்லச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னேன். ஒரு வீட்டில் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். ஒரு வீட்டில் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். அந்த அக்கா மட்டும், "எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். "நான் நெனச்சது அதைவிடக் கூட" என்றார்.

மறுநாள் வேலை விட்டு வரும்போது அவர் மேட்டுப்பாதையில் ஏறவில்லை. கடைக்கு வந்து கூடையை இறக்கி, முந்தானை முடிச்சை அவிழ்த்து, கால் கிலோ மாவுக்குக் காசை எண்ணி வைத்தார்.