சுண்ணாம்பு மண்ணில் ஒரு காரின் உள்ளறை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பெரும்பகுதி ஒரு பழைய கடலின் தரைமேல் அமைந்தது. கிரெட்டேசியக் காலம் என்று நிலவியலார் குறிப்பிடுகின்ற, 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்தில் இங்கே கடல் பலமுறை ஏறியும் இறங்கியும் நின்றதால், அதன் சிப்பிகளும் சங்குகளும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் இன்று திறந்தவெளிச் சுரங்கங்களில் வெட்டி எடுக்கப்பட்டுச் சிமென்ட் ஆகிறது. தமிழ்நாடு சிமென்ட்ஸ் கழகத்தின் ஆலை 1979-இல் அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கிய பின், கோவிந்தபுரம், ரெட்டிபாளையம், கீழப்பழுவூர் என்று ஆலைகள் பெருகின. கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓடாத சாலை இப்பகுதியில் அரிது. அந்த லாரிகள் கிளப்பும் வெண்ணிறப் புழுதியும், பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளிலிருந்து ஆடிக் காற்றில் எழும் மண்ணும் சேர்ந்து இவ்வூர்க் கார்களின் உள்ளறையில் படிவதால், கார் நிறுவனம் கையேட்டில் எழுதித் தரும் பராமரிப்பு அட்டவணையை அப்படியே நம்புவது இங்கே போதாது. சராசரிச் சாலையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கணக்கு அது. புழுதி மிகுந்த இடங்களில் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளும்படி அதே கையேட்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் வரிதான் அரியலூர்க்காரருக்கு உரியது.

புழுதியால் முதலில் கெடுவது காரின் ஒலியமைப்பு. ஆனால் அது கெடும் விதம் மெல்ல நடப்பதால், பலரும் அதைச் சாதனத்தின் வயது என்றே எண்ணிவிடுகின்றனர். ஸ்பீக்கர் எனப்படும் ஒலிபெருக்கியின் நடுவில் ஒரு நிலைக்காந்தமும், அந்தக் காந்தத்தின் வட்டமான இடைவெளிக்குள் தொங்கும் மெல்லிய கம்பிச் சுருளும், அச்சுருளோடு ஒட்டப்பட்ட காகிதம் அல்லது பிளாஸ்டிக் கூம்பும் இருக்கின்றன. பாட்டின் மின்சைகை சுருள் வழியே பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைந்து கூம்பைத் தள்ள, கூம்பு காற்றை அசைத்து ஒலியை எழுப்புகிறது. சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவே உள்ள வெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது என்பதால், அதற்குள் நுழையும் துகள் சுருளின் மேற்பூச்சை ஒவ்வோர் அசைவிலும் உரசித் தேய்க்கிறது. முதலில் தாழ்ந்த சுரங்களில் ஒரு கரகரப்பு கேட்கும். பிறகு அது எல்லாப் பாட்டிலும் கேட்கும். ஒரு நாள் சுருள் அறுந்து அந்தக் கதவின் பக்கம் மௌனமாகிவிடும். கூம்பின் நடுவில் குமிழ்போல் தெரிவது முன்பக்கத்திலிருந்து தூசி இறங்காமல் காக்கும் மூடியே ஆனாலும், பின்பக்கத்தில் சுருளைத் தாங்கும் நெளிவுத் துணி காற்றை உள்ளே விடும் தன்மையுடையதாகையால் கதவின் உட்புறம் வழியாக வரும் புழுதியை அதனால் முழுவதும் தடுக்க முடிவதில்லை.

வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் கம்ப்ரஸர் காற்றைக் குழாய் வழியே நேராக ஸ்பீக்கரின் சல்லடைமேல் பாய்ச்சித் தூசியை ஊதும் வழக்கம் பரவலாக உண்டு. பார்ப்பதற்குத் தூசி பறந்து போவதுபோல் தோன்றினாலும், அந்த அழுத்தம் நுண்துகளைச் சல்லடைக்குப் பின்னால் தள்ளுவதோடு கூம்பையும் குழிய வைத்துவிடக்கூடும். மென்மையான தூரிகை பொருத்திய வாக்குவம் கிளீனரால், குறைந்த இழுவிசையில், வெளிநோக்கி உறிஞ்சி எடுப்பதே இதற்கு உரிய முறை.

கதவைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஸ்பீக்கர் கெடுவதற்கான காரணம் பல சமயம் ஸ்பீக்கரில் இல்லாமல் கதவில் இருக்கிறது. மழை பெய்யும்போது கண்ணாடியோடு ஒட்டி வழியும் நீரில் ஒரு பகுதி ரப்பர் பட்டையைத் தாண்டிக் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அந்நீர் வெளியேறுவதற்காகவே கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் விடப்பட்டுள்ளன. சுண்ணாம்புப் புழுதியும் சிமென்ட் தூசியும் அத்துளைகளில் படிந்து ஐப்பசி மழையில் நனைந்தால் இறுகி அடைத்துக்கொள்ளும். பின்னர் தேங்கும் நீர் காந்தத்தின் இரும்புச் சட்டத்தைத் துருவேற்றி, காகிதக் கூம்பை ஊற வைக்கும். கதவின் உள்பலகைக்குப் பின்னால் நீரைத் தடுப்பதற்கென்றே ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளை, புதிய ஸ்பீக்கர் மாட்டும் அவசரத்தில் கிழித்துவிட்டுத் திரும்ப ஒட்டாமல் விடுவதும் இதே கேட்டையே தரும். மழைக்காலத்துக்கு முன் கதவைத் திறந்து, அடிவிளிம்பின் துளைகளை ஒரு மெல்லிய மரக்குச்சியால் சுத்தம் செய்வதற்குச் சில நிமிடங்களே ஆகும். இக்கட்டுரையில் சொல்லப்படுவனவற்றுள் செலவே இல்லாமல் மிகுந்த பயன் தருவது இதுதான்.

டேஷ்போர்டையும் தொடுதிரையையும் துடைப்பதில் ஒரு வரிசை உண்டு. தூசி படிந்த பரப்பில் ஈரத்துணியை முதலிலேயே வைப்பது இங்கே தவறு, ஏனெனில் சிமென்ட் கலந்த தூசி நீர்பட்டவுடன் காரத்தன்மை பெற்று, பிளாஸ்டிக்கின் நுண்ணிய குழிகளில் இறங்கி உலர்ந்து, எத்தனை முறை துடைத்தாலும் திரும்பத் தெரியும் வெள்ளைப் படலமாகிவிடுகிறது. தூசியின் கடினமும் கவனிக்கத்தக்கது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட் 3 என்ற இடத்திலும், சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5 என்ற இடத்திலும், சாலை மணலில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் 7 என்ற இடத்திலும் இருக்கின்றன. ஆகவே மணல் கலந்த புழுதியை அழுத்தித் துடைக்கும் கை, திரையின் கண்ணாடியையும் அதன்மேல் ஒளி கூசாமலிருக்கப் பூசியிருக்கும் மெல்லிய பூச்சையும் கீறிவிடுகிறது. முதலில் மென்தூரிகையால் உலர்ந்த நிலையிலேயே தூசியை நீக்கி, அதன்பின் சற்றே ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒற்றியெடுப்பதே போதுமானது. ஜன்னல் கண்ணாடிக்கென்று விற்கும் அம்மோனியா கலந்த திரவங்களைத் திரையில் தெளிக்கக் கூடாது. பளபளப்புக்காகப் பூசும் சிலிக்கான் எண்ணெய்களோ அடுத்த நாளின் புழுதியை ஒட்ட வைப்பதோடு, வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுநரின் பார்வையையும் மறைக்கின்றன.

ஏசியின் காற்று உள்ளே வருமுன் கடக்கும் கேபின் ஃபில்டர் என்னும் மடிப்பு வடிகட்டி, பெரும்பாலான கார்களில் முன்இருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. சில கார்களின் விலை குறைந்த ரகங்களில் அது பொருத்தப்படுவதே இல்லை, ஆனால் அதற்கான இடம் பல வண்டிகளில் விடப்பட்டிருப்பதால் பின்னர் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். அடைபட்ட வடிகட்டியால் காற்றின் வேகம் குறையும்போது ஏசியில் வாயு தீர்ந்துவிட்டது என்று கருதிப் பணம் செலவிடுவோர் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது வடிகட்டியையே. டிப்பர் லாரியின் பின்னால் செல்ல நேரும்போது, வெளிக்காற்றை நிறுத்தி உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்துவது நல்லது. அதே நிலையில் நெடுந்தொலைவு செல்வது நல்லதன்று, ஏனெனில் பயணிகளின் மூச்சிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு மூடிய அறையில் பெருகி ஓட்டுநருக்குச் சோர்வையும் தூக்கக் கலக்கத்தையும் தரும். புழுதி குறைந்த இடம் வந்ததும் சில நிமிடங்கள் வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும். இறங்குமிடம் நெருங்குகையில் ஏசியின் குளிரூட்டலை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டால், குளிர்ந்த கம்பிச்சுருள்களில் படிந்த ஈரம் உலர்ந்து, தூசியும் ஈரமும் சேர்ந்து எழுப்பும் முடைநாற்றம் வராது.

சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பம் தன் பங்குக்கு வேலை செய்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்கிறது. அதிலும் பெரும்பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் அதிகப் பயன் இல்லை. நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் ஊர்களில் இதன் பொருளைக் கூட்டிப் பார்ப்பது எளிது. குழந்தையையோ முதியவரையோ வண்டிக்குள் விட்டுவிட்டுச் சில நிமிடம் என்று கடைக்குள் செல்வது உயிராபத்து. சாதனங்களைப் பொறுத்தவரை, கூம்பின் விளிம்பில் உள்ள நுரைப்பட்டை இவ்வெப்பத்தில் பொடிந்து போகிறது, திரையின் அடுக்குகளை இணைக்கும் பசை இளகுகிறது, டேஷ்போர்டில் விட்டுச் சென்ற கைப்பேசியின் பேட்டரி உப்புகிறது. முன்கண்ணாடிக்குப் பின்னால் விரிக்கும் மடக்குத்திரை இவை எல்லாவற்றையும் கணிசமாகக் குறைக்கும். ஏறியவுடன் கதவுகளைத் திறந்து அனல்காற்றை வெளியேற்றிய பின்பே ஏசியையும் பாட்டையும் போடுவது முறை.

பண்பலை வானொலி இரைவதை ஒலியமைப்பின் கோளாறு என்று கருதி அதை மாற்றிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை; பூமியின் வளைவையும் பச்சைமலை போன்ற மேடுகளையும் சுற்றி வளைந்து வருவதில் அவை வலுக் குறைந்தவை. திருச்சியிலிருந்து விலகி வடக்கே வரவர அந்நகரத்து நிலையங்கள் மங்குவதற்கு வண்டி காரணமன்று. கொடைக்கானல் பண்பலை (100.5) உயர்ந்த மலைமேல் நின்று ஒலிபரப்புவதால்தான் தமிழகத்தின் மிகப் பரந்த நிலப்பரப்பை எட்டுகிறது. 1939-இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலியின் மத்திய அலை ஒலிபரப்போ (936 கிலோஹெர்ட்ஸ்) நிலத்தை ஒட்டிப் பரவும் தன்மையால் பண்பலை மங்கும் இடத்திலும் கேட்கும். கார் வானொலியில் ஏஎம் பொத்தான் இருந்தால் அதை ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். எல்லா நிலையங்களும் ஒரே சமயத்தில் இரைந்தால் மட்டும் ஆண்டெனாவை ஐயுற வேண்டும். வண்டி கழுவும்போது கழற்றிய கம்பி சரியாகத் திருகப்படாமலோ, அதன் அடிமரையில் துருவும் தூசியும் ஏறியோ இருப்பது பொதுவான காரணம்.

அதிக ஒலிக்காக வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் பொருத்த விரும்புவோர் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்ட வாட் அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது பெரும்பாலும் ஒரு கணநேர உச்சத்தையே குறிக்கும்; தொடர்ந்து தாங்கக்கூடிய திறனைக் குறிப்பது ஆர்எம்எஸ் என்னும் எண். தாங்கும் அளவை மீறி ஆம்ப்ளிஃபயரை முடுக்கினால் அலையின் தலைப்பகுதி வெட்டுண்டு, ட்வீட்டர் எனப்படும் சிறிய உச்சசுர ஸ்பீக்கரின் சுருள் சூடேறி எரிந்துவிடும். மின்சாரக் கணக்கும் எளியதே: 12 வோல்ட் அமைப்பில் 480 வாட் எடுப்பதற்கு 40 ஆம்பியர் ஓட வேண்டும், அதை மெல்லிய கம்பியில் ஓட விட்டால் கம்பி தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும். எனவே பேட்டரியிலிருந்து தடித்த கம்பியும், பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸும் கட்டாயம். வண்டியின் மூலக் கம்பிகளை வெட்டி ஒட்டாமல், அதற்கென்று கிடைக்கும் கப்ளர் வழியாகவே இணைக்கச் சொல்ல வேண்டும்; வெட்டிய கம்பி உத்தரவாதத்தை இழக்கச் செய்வதோடு, மின்கசிவால் வரும் தீ விபத்துக்கும் வழி வகுக்கிறது.

இருக்கைகளுக்கு உறை போடுவதிலும் எச்சரிக்கை தேவை. புழுதிக்கு அஞ்சி வண்டி வந்த நாளிலேயே தடித்த உறை தைத்துப் போடுவது இப்பகுதி வழக்கம். ஆனால் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கையின் தோள்பகுதிக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கும் வண்டிகளில், முழுதும் தைத்த உறை அது விரிவதைத் தடுத்துவிடும். அந்தப் பக்கத்தில் திறப்போ, எளிதில் பிரியும் தையலோ உள்ள உறையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலிக்கும் எச்சரிக்கை கட்டாயமாயிற்று. சீட் பெல்ட் நினைவூட்டலும் பின்புற பார்க்கிங் சென்சாரும் அதோடு வந்தவை. இவ்வொலிகளைத் தொல்லை என்று கருதிக் கம்பியைப் பிடுங்குவதும், பெல்ட் அணியாமல் வெறும் கொக்கியை மட்டும் செருகி ஓசையை அடக்குவதும் வருத்தத்துக்குரியவை. திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடக்கும் வண்டிகளின் வேகத்தையும், கிளைச்சாலைகளிலிருந்து திடீரென ஏறும் டிராக்டர்களையும் கண்டவர் எவரும் அந்த ஒலி யாருக்காக வைக்கப்பட்டது என்பதை அறிவர்.

பாட்டின் அளவுக்கும் இங்கே ஒரு வரம்பு வருகிறது. 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகிறது என்றும் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் வகுத்துள்ளது. அதன்படி 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரமும் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரமுமே இடம் உண்டு. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டும்போது காற்றின் இரைச்சலை மீறிக் கேட்பதற்காக ஒலியைக் கூட்டுபவர், கண்ணாடியை ஏற்றிய பின்னும் குறைக்க மறந்துவிடுகிறார். கண்ணாடிகள் ஏறிய நிலையில், பக்கத்தில் அமர்ந்திருப்பவர் குரலை உயர்த்தாமல் பேசுவது தெளிவாகக் கேட்கிறதா, பின்னால் வரும் லாரியின் ஹாரன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிகிறதா என்ற இரண்டையும் வைத்தே, பயணம் தொடங்கும்போது ஒலியின் அளவை வைத்துக்கொள்ளலாம்.