ஏசியா, டிசியா? அடாப்டரைச் செருகும் முன்...

கம்ப்யூட்டர் ஓரளவு பழகியவுடன், ஆர்டுயினோ போன்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஒன்றை வாங்கி, புரோகிராம் எழுதி எல்.இ.டி. விளக்கை எரிய வைக்கும் ஆசை பலருக்கு வருகிறது. இவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் கிடக்கும் பழைய அடாப்டரை இதில் செருகலாமா?" என்பதுதான். செருகலாம், ஆனால் முதலில் அதன் லேபிளைப் படித்துவிடுங்கள்.

இரண்டு வகை மின்சாரம்

நம் வீட்டு பிளக் பாயிண்ட்டில் வருவது ஏசி. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகச் சென்று வருகிறது. பேட்டரி தருவது டிசி. இது ஒரே திசையில் ஓடும். எனவே பிளஸ், மைனஸ் உண்டு. சிப்கள் இயங்குவது டிசியில்தான். கம்ப்யூட்டர் கேபினட்டினுள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்., ஏசியை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றித் தருகிறது. சிறிய போர்டில் அப்படி எதுவும் இல்லை. அந்த வேலையை அடாப்டர்தான் செய்ய வேண்டும்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

1. அவுட்புட் வகை: 'அவுட்புட்' வரியில் அலை போன்ற ~ குறி இருந்தால் ஏசி. நேர்கோடும் அதன் கீழே விட்டு விட்டு வரும் கோடும் இருந்தால் டிசி. பழைய டயல்-அப் மோடம்கள் சிலவற்றுடன் ஏசி அவுட்புட் தரும் அடாப்டர்கள் வந்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். இவை நமக்கு வேண்டாம்.

2. வோல்ட்: ஆர்டுயினோ யூனோ ஆர்3 போர்டின் வட்ட சாக்கெட்டிற்கு 7 முதல் 12 வோல்ட் வரை தரலாம். போர்டில் உள்ள ரெகுலேட்டர் இதனை 5 வோல்ட்டாகக் குறைக்கிறது. மிச்சம் வெப்பமாக வெளியேறும். எனவே நான் பரிந்துரைப்பது 9 வோல்ட்.

3. பிளஸ், மைனஸ்: அடாப்டர் பின்னின் நடுப்பகுதி பிளஸ் ஆக இருக்க வேண்டும். லேபிளில் இதற்கான சிறு படம் இருக்கும்.

4. ஆம்பியர்: 1 ஆம்பியர் அடாப்டர் அவ்வளவையும் போர்டினுள் தள்ளிவிடாது. போர்டு கேட்பதை மட்டுமே தரும். எனவே எண் கூடுதலாக இருந்தால் பயம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. போர்டில் '5 வோல்ட்' என்று எழுதியுள்ள பின்னில் 9 வோல்ட் இணைப்பைக் கொடுத்துவிடாதீர்கள். அது ரெகுலேட்டர் வழியாகச் செல்லாமல் நேராக சிப்பை அடையும்; சிப் கெட்டுப்போகலாம்.

ஃபேனை இயக்கலாமா?

டியூப் லைட், ஃபேன் போன்றவற்றை போர்டு மூலம் ஆன் செய்ய ரிலே மாட்யூல் பயன்படுகிறது. ரிலேயின் ஒரு பக்கம் 5 வோல்ட் டிசி. மறுபக்கம் 230 வோல்ட் ஏசி. அந்த ஸ்குருக்களில் விரல் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஒயர் நழுவி போர்டைத் தொட்டால், யூஎஸ்பி கேபிள் வழியே உங்கள் கம்ப்யூட்டரும் பாதிக்கப்படலாம். முதலில் 12 வோல்ட் டிசி பல்பை வைத்துப் பழகுங்கள். 230 வோல்ட் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அடாப்டரே தேவையில்லை. கம்ப்யூட்டரின் யூஎஸ்பி போர்ட் தரும் 5 வோல்ட் டிசி, எல்.இ.டி., சிறிய சென்சார் போன்றவற்றிற்குத் தாராளமாகப் போதும்.