வணிகர் மண்டபத்தில் என்ன பார்ப்பது?

அருப்புக்கோட்டை, பாளையம்பட்டிப் பக்கம் வியாபாரம் செய்த குடும்பங்களுக்கு மகமை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டு பொது நிதியில் சேர்த்த சிறு தொகை அது. வணிகர்கள் கூடிப் பொதுப்பணம் சேர்த்தால் ஊர் எப்படி மாறும் என்பதை இந்தக் கரிசல் பூமி கண்ணாரக் கண்டிருக்கிறது. அதையே கட்டடமாகக் காட்டும் இடம் ஒன்று இங்கிலாந்தின் யார்க் நகரில் இருக்கிறது. மெர்ச்சன்ட் அட்வென்சரர்ஸ் ஹால் என்ற அந்த வணிகர் மண்டபம் இன்று அருங்காட்சியகம். இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்து வரலாம். அதை எப்படிப் பார்ப்பது, நம் ஊரை அதோடு எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்பதற்கே இந்த விளக்கம்.

அது என்ன இடம்?

1357இல் யார்க் நகரத்து ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஒரு சமயக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் செல்வாக்குள்ளவர்கள் வணிகர்கள். மூன்றாம் எட்வர்டு மன்னரின் அனுமதி பெற்று, ஃபாஸ் ஆற்றங்கரையில் மண்டபம் கட்டும் வேலையை அந்த ஆண்டிலேயே தொடங்கினார்கள். 1361 வாக்கில் கட்டடம் முடிந்தது. 1430இல் மன்னர் ஆறாம் ஹென்றி இங்கிருந்த துணி வணிகர்களுக்குச் சாசனம் தந்தார். 1581இல் முதலாம் எலிசபெத் அரசி தந்த புதிய சாசனத்தோடுதான் இன்றைய பெயர் நிலைத்தது. கடல் கடந்த வாணிகத்தில் சொந்த முதலைத் துணிந்து போட்டவர்கள் இவர்கள். ஆட்டு உரோமமும் கம்பளித் துணியும் இங்கிருந்து ஃபிளாண்டர்ஸுக்கும் பால்டிக் கரைகளுக்கும் கப்பலேறின. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. மண்டபமும் அதன் கையில்தான் இருக்கிறது.

மூன்று இடங்கள், மூன்று வேலைகள்

மேல்தளத்தில் இருப்பது பெரிய கூடம். கருவாலி மரச் சட்டங்களால் ஆனது. அகலம் அதிகமானதால் நடுவில் ஒரு வரிசைத் தூண்களை நிறுத்திக் கூரையை இரண்டாகப் பிரித்துத் தாங்கியிருக்கிறார்கள். கணக்குப் பார்த்ததும் வழக்குத் தீர்த்ததும் விருந்து வைத்ததும் இந்தக் கூடத்தில்தான்.

கீழ்த்தளத்துக்கு இறங்கினால் செங்கல்லும் கல்லும் கொண்ட தாழ்வான அறை. ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் புகலிடமாக இதை நடத்தினார்கள். வணிகர்கள் மேலே வரவு செலவு பார்த்துக்கொண்டிருந்தபோது, அதே தூண்களுக்கு நேர் கீழே ஆதரவற்றவர்கள் படுத்திருந்தார்கள். இந்தப் புகலிடம் 1900 வரை நடந்தது.

கீழ்த்தளத்தை ஒட்டி ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கும் வழிபாட்டின் ஒலி கேட்கும்படி அதைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

வியாபாரம், தர்மம், வழிபாடு மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்தன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மேல்தளத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர் மண்டபத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பார்த்திருக்கிறார்.

வணிகருக்கு எதற்குப் பொதுக்கூரை?

அந்தக் கால வியாபாரியின் சரக்கு அவன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. கடனுக்குக் கொடுத்த பணம் முகம் தெரியாத ஊரில் இருந்தது. வழியில் கொள்ளை போகலாம், கப்பல் கவிழலாம், வாங்கியவன் கைவிரிக்கலாம். தனி ஆளால் தாங்க முடியாத இந்த ஆபத்தைக் கூட்டம்தான் தாங்க முடியும். ஆனால் கூட்டத்தை ஒழுங்காகக் கட்டிக் காப்பது எது? பொது நிதிதான். நிதி கொடுக்கிறவனுக்குப் பாதுகாப்பும் மரியாதையும், நலிந்தால் ஆதரவும் கிடைத்தன. வாக்குத் தவறினால் இத்தனையும் போய்விடும். அதனால் கீழ்த்தளத்தில் நடந்த தர்மத்தை லாபத்தில் மிஞ்சியதைப் போட்ட பிச்சை என்று நினைத்துவிடக் கூடாது. மேல்தளத்து நாணயத்தைத் தாங்கி நின்றதே அதுதான்.

நம் பக்கத்துப் பேட்டைகள்

தென்கோடிப் பனங்காட்டிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு நாடார் வணிகர்கள் வடக்கே வந்தபோது, அவர்களுக்கும் இதே கவலை இருந்தது. அதற்கு விடையாக எழுந்தவை பேட்டைகள். சுற்றிலும் மதில், உள்ளே கிணறு, மாடு கட்ட இடம், சரக்கு இறக்கத் திண்ணை, இரவுக்குக் காவல். பழைய ராமநாதபுரம் பகுதியில் அவர்கள் குடியேறி வளர்ந்த ஊர்கள் ஆறு என்பார்கள்: சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை.

ஊருக்கு ஊர் உறவின்முறை என்ற நாடார் சமுதாய அமைப்பு இருந்தது. திருமணமான ஆண்கள் எல்லோரும் அதில் சேர்ந்தவர்கள். முறைகாரர் பொறுப்பு ஒருவர் மாற்றி ஒருவரிடம் வரும். மகமையை வசூலிப்பதும் கணக்கை ஒப்புவிப்பதும் அவர் வேலை. பேட்டைக் காவலுக்கும் கிணறு வெட்டவும் போன அந்தப் பணம், பின்னால் பள்ளிக்கூடங்களுக்குப் போனது. விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலை 1880களில் இப்படி எழுந்ததுதான். வீட்டுக்கு வீடு உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைத்த பிடியரிசியும் அதற்குக் கைகொடுத்தது. காமராஜர் படித்த பள்ளி அது. அருப்புக்கோட்டையில் சைவ பானு க்ஷத்திரிய என்ற பெயரோடு நடக்கும் கல்வி நிலையங்களும் இந்த மரபில் வந்தவை.

மகமை இந்த மண்ணுக்கு நேற்று வந்த வழக்கமும் இல்லை. சிவகங்கைப் பக்கம் பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் உள்ளிட்ட வணிகக் குழுக்கள் கூடி, உப்பு, மிளகு, பாக்கு, மஞ்சள், சுக்கு, பருத்தி, நூல் என்று சரக்குக்குச் சரக்கு கோயிலுக்குக் கொடுக்க வேண்டியதை அதில் பொறித்திருக்கிறார்கள்.

ஒற்றுமையும் வேற்றுமையும்

யார்க் வணிகர்களுக்கு அரச சாசனம் இருந்தது. அயல்நாட்டு வாணிக உரிமையைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ள அரசே துணை நின்றது. நம் பேட்டைகளுக்கு அப்படி ஒரு துணை இல்லை. அருப்புக்கோட்டைக்குத் தென்கிழக்கே இருக்கும் கமுதியில் 1897இல் நாடார்கள் தங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்த மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1908இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. கோயில் வாசல் அடைபட்ட காலத்தில்தான் அதே மக்கள் மகமைப் பணத்தால் பள்ளி வாசலைத் திறந்தார்கள். இதைச் சொல்லாமல் உறவின்முறையின் கதையைச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இந்தக் கூடங்களில் யாருக்கு இடமில்லை? யார்க்கில் கப்பலில் சரக்கு ஏற்றிய கூலியாட்களின் பெயர் சுவர்களில் இல்லை. நம் பக்கத்தில் வண்டி ஓட்டியவர், மூட்டை சுமந்தவர், பருத்தி எடுத்த பெண் ஆகியோர் மகமைக் கணக்கில் வருவதில்லை. யார்க்கின் முதல் கூட்டமைப்பிலாவது பெண்கள் இருந்தார்கள். உறவின்முறையில் வாக்கு ஆண்களுக்கே இருந்தது.

போனால் எப்படிப் பார்ப்பது?

கீழ்த்தளத்திலிருந்து தொடங்குங்கள். ஃபாஸ் ஆற்று வெள்ளம் ஏறிய உயரங்களை அங்கே குறித்து வைத்திருக்கிறார்கள். இத்தனை முறை நீர் புகுந்தும் இடத்தைக் கைவிடாதவர்களின் பிடிவாதம் அதில் தெரியும். பிறகு மேலே ஏறி, பழைய மரப்பெட்டிகளைத் தேடிப் பாருங்கள். சாசனங்களையும் பத்திரங்களையும் பூட்டி வைத்த பெட்டிகள் அவை. அந்த ஏடுகள் தப்பியதால்தான் 1433இல் இந்த வணிகர்கள் தெரு நாடகத்துக்கு வைத்திருந்த சாமான்களின் பட்டியல்கூட இன்று நமக்குத் தெரிகிறது.

நாம் செய்ய வேண்டியது

யார்க் மண்டபம் அருங்காட்சியகமாக நிற்பதற்குக் காரணம் மரத்தூண்கள் மட்டும் இல்லை, காகிதங்களும்தான். திருச்சுழியில் ரமணர் பிறந்த வீட்டையும் விருதுநகரில் காமராஜர் வீட்டையும் போற்றிக் காக்கிறோம். அந்த அக்கறையில் ஒரு பங்கு மகமைக் கணக்குக்கும் வேண்டும். பழைய கடை வீடுகளின் பரணிலும் இரும்புப் பெட்டியிலும் சிட்டை, பேரேடு, ரசீது, தீர்மானப் புத்தகம் எதுவாவது இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஈரமும் கரையானும் அண்டாமல் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். வீட்டில் வைக்க வழியில்லை என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களை அணுகலாம். அந்த நூலகமே கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த நூல்களிலிருந்து 1994இல் உருவானதுதான். தலைமுறை தலைமுறையாகக் காலணா, அரையணாவுக்கும் கணக்கு எழுதிய கைகள் நமக்குப் படிப்பைத் தந்தன. அந்தக் கையெழுத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்ப்பது நம் முறை.